பெயர் வெட்டிய சொம்பு: வீட்டுப் பொருளை வரைந்து நினைவைக் காப்பாற்ற ஒரு முழு வழிகாட்டி

பழைய வீட்டைக் காலி செய்யும்போது முதலில் எடைக்குப் போவது பித்தளைப் பாத்திரங்கள்தான். அண்டா, குண்டான், கூஜா, சொம்பு எல்லாம் தராசில் ஏறி கிலோக் கணக்காகிவிடும். போவதற்கு முன் யாராவது ஒருவர் போனில் படம் எடுத்துக்கொள்வார். அது கல்யாணப் படங்களுக்கும் வாட்ஸ்அப் வாழ்த்துகளுக்கும் நடுவே போய்ப் புதையும். அப்புறம் அதை யாரும் தேடுவதில்லை.

அந்த இடத்தில் செய்யக்கூடிய இன்னொரு வேலை உண்டு. பொருளை எதிரே வைத்து உட்கார்ந்து வரைவது. பள்ளிக்கூடத்தோடு தூரிகையை விட்டவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வண்ணம், நீர்வண்ணம். எடுத்துக்காட்டுக்கு ஒரு பித்தளைச் சொம்பு. மற்றப் பொருட்களுக்கு என்ன மாறும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடிப்படையான ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொம்பு எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கிணற்றடியில் விழுந்த நசுங்கலும், பிடித்துப் பிடித்து வழவழத்த கழுத்தும், கல்யாணத்தன்று வெட்டிய பெயரும்தான் அதை உங்கள் வீட்டுச் சொம்பாக்குகின்றன. நினைவு ஒட்டிக்கொண்டிருப்பது அந்தத் தேய்மானத்தில். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்தத் தேய்மானத்தைக் கண்டுபிடிக்கவும் தாளில் கொண்டுவரவும்தான்.

1. எந்தப் பொருள்?

விலை உயர்ந்ததை எடுக்காதீர்கள். வெள்ளிக் குங்குமச்சிமிழை யாரும் தொலைக்க மாட்டார்கள். அடுத்த தலைமுறைக்கு அது தானாகவே போய்ச் சேரும். அரிவாள்மனை, அஞ்சறைப்பெட்டி, பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பி, தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு, மஞ்சப்பை, அப்பாவின் டிபன் கேரியர் என்று, தினம் கை பட்டு, யாரும் பெரிதாக எண்ணாமல் கிடப்பவற்றில் தேடுங்கள்.

தேர்ந்தெடுக்க ஒரு வழி. அந்தப் பொருளைப் பற்றி வீட்டில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாக்கியத்துக்குள் பேச்சு பொருளை விட்டுவிட்டு ஒரு ஆளிடம் போய்விட்டால் அதை எடுத்துக்கொள்ளலாம். "அது உடைஞ்ச அன்னிக்குத்தான் உங்க சித்தப்பா பட்டணத்துலேருந்து வந்தாரு" என்று போக வேண்டும். "அப்பல்லாம் பித்தளை நல்லா கனமா இருக்கும்" என்பதோடு நின்றுவிட்டால் வேறு பொருள் தேடுங்கள்.

முதல் படத்துக்கு ஒரே பொருள் போதும். உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட அளவாக இருந்தால் நல்லது. உரலையும் ட்ரங்குப் பெட்டியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. துலக்காதீர்கள்

வரையப்போகிறோம் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து வைப்பார்கள். அன்பால் செய்வதுதான், ஆனால் தடுத்துவிடுங்கள். பித்தளையின் கறுத்த நிறம், இடுக்குகளில் தங்கிய பச்சைக்கறை, கை படும் இடத்தில் மட்டும் தெரியும் மஞ்சள் எல்லாம் பல வருஷப் பழக்கத்தின் பதிவு. ஒரு புளியுருண்டை அத்தனையையும் அழித்துவிடும். இத்தாலியின் பொலோன்யா நகரில் வாழ்ந்த ஜார்ஜியோ மொராண்டி (1890–1964) வாழ்நாளில் பெரும்பகுதியைப் புட்டிகளையும் ஜாடிகளையும் வரைந்தே கழித்தவர். அவற்றின் மேல் படிந்த தூசியை அவர் அப்படியே விட்டுவைத்தார். தூசி படிந்ததும் கண்ணாடியின் மினுக்கு அடங்கி உருவம் மட்டும் நிற்கும்.

அடுத்து, பொருளைக் கையில் எடுங்கள். அதைப் புழங்கியவர் எப்படிப் பிடித்தாரோ அப்படியே பிடியுங்கள். பாட்டி சொம்பின் கழுத்தை நாலு விரலால் வளைத்து, கட்டைவிரலை விளிம்புக்கு மேல் வைத்துத் தூக்குவார் என்றால் நீங்களும் அப்படியே. உங்கள் கட்டைவிரல் தேய்ந்த இடத்தில் போய் நிற்கும். அங்கே ஒரு துளி மாவைத் தொட்டு அடையாளம் வையுங்கள். படத்தின் மையம் இனி அந்த இடம்தான்.

நோட்டு ஒன்றில் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். யார் வாங்கியது, எந்த ஊர்க் கடை, சீர்வரிசையில் வந்ததா, நசுங்கியது எப்போது. பெயர் வெட்டியிருந்தால் அதை எழுத்துக்கு எழுத்து, பிழையோடு, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இன்ஷியல், 'உபயம்', தேதி என்று சில பாத்திரங்களில் ஒரு சின்னக் கல்வெட்டே இருக்கும். பழைய காலத்தில் உளியும் சிறு சுத்தியலும் கொண்டு வெட்டிய எழுத்தில் ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாகத் தெரியும். பிற்பாடு வந்த மெஷின் எழுத்து நடுங்கிய கோடாக ஓடும். இந்த வேறுபாடு படத்தில் வர வேண்டும்.

3. தாளும் வண்ணமும்

நினைவைக் காக்கத்தான் இந்த வேலை என்றால் வரையும் தாளும் வண்ணமும் நம்மைவிட அதிக நாள் தாங்க வேண்டும். கடைக்காரர் கொடுப்பதைக் கொடுக்கட்டும் என்று விட்டால் இங்கேதான் மோசம் போவோம்.

தாள்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம், அமிலமற்றது. முடிந்தால் முழுப் பருத்தித் தாள். சார்ட் பேப்பரும் சாதாரண டிராயிங் நோட்டும் மரக்கூழில் செய்தவை. அதிலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுக்கும், பழைய செய்தித்தாளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். பருத்தித் தாள் விலை கூடுதல்தான். ஒரு பெரிய தாளை வாங்கி நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். ஏ5 அளவு இந்த வேலைக்குத் தாராளம். மேற்பரப்பு லேசான சொரசொரப்புள்ள 'கோல்டு பிரஸ்' ஆக இருக்கட்டும்.

வண்ணம்: ஆறு டியூப் போதும். அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், யெல்லோ ஓக்கர், லெமன் யெல்லோ, பர்மனென்ட் ரோஸ். கறுப்பு வேண்டாம், வெள்ளையும் வேண்டாம். கறுப்பைக் கலந்துகொள்ளலாம், வெள்ளை தாளிலேயே இருக்கிறது. டியூபின் மேல் வெளிச்சம் தாங்கும் தரம் அச்சிட்டிருக்கும். ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் அளவில் ஒன்று அல்லது இரண்டு என்றிருந்தால் வாங்குங்கள், நட்சத்திரக் குறி போட்டிருந்தால் அதிக நட்சத்திரம் உள்ளதை எடுங்கள். அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அசல் அலிசரின் நிறமி (டியூபில் பி.ஆர். 83 என்ற குறி) வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பாட்டியின் குங்குமச் சிவப்பை அதில் தீட்டினால் பேரன் காலத்தில் அது இருக்காது. ஸ்கெட்ச் பேனாக்களும் அப்படியே, பெரும்பாலும் சாய மை.

தூரிகை: கூர்மையான நுனியுள்ள வட்டத் தூரிகை இரண்டு, எண் 8, எண் 4. பென்சில் 2பி. ரப்பர் மென்மையானது. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், ஒரு பழைய பருத்தித் துணி. கிழிந்த வேட்டித் துண்டை மிஞ்ச எந்த டிஷ்யூவும் வராது.

4. வெளிச்சம், உட்காரும் உயரம்

டியூப்லைட்டை அணையுங்கள். ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் நிழல் என்று இருந்தால்தான் உருண்டைப் பொருள் உருண்டையாகத் தெரியும். நசுங்கலும் அப்போதுதான் கண்ணில் படும்.

ஐரோப்பியக் கையேடுகள் எல்லாம் "வடக்குப் பார்த்த ஜன்னல்" என்று சொல்லும். அந்த நாடுகளில் பகல் வெயில் வடக்கு ஜன்னலுக்குள் வராது, அதனால் வெளிச்சம் மாறாமல் நிற்கும். நம் ஊரில் அதை அப்படியே நம்ப முடியாது. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வேளையிலும் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் நிதானமானது. மார்கழி, தையில் வடக்கு ஜன்னலுக்கு மாறிக்கொள்ளலாம்.

எந்த ஜன்னலானாலும் நிழல் நகரும். உட்கார்ந்த முதல் பத்து நிமிஷத்துக்குள் நிழலின் எல்லையைத் தாளில் மெல்லிய கோடாகக் குறித்துவிடுங்கள். பிறகு வெயில் எங்கே போனாலும் அந்தக் கோட்டை விட்டு அசையாதீர்கள். ஒரே நாளில் முடியாது என்று தெரிந்தால் சொம்பு இருந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். மொராண்டியும் தம் மேஜைத் தாளில் புட்டிகளின் இடத்தைக் கோடிட்டுத்தான் வைத்திருந்தார். மறுநாள் அதே நேரத்தில் வந்து உட்காருங்கள்.

உயரம் இதைவிட முக்கியம் என்பேன். ஓவியப் பள்ளிகளில் இதைக் கோணக் கணக்காக மட்டும் சொல்லித்தருவார்கள். நமக்கு இது நினைவுக் கணக்கும்தான். அந்தச் சொம்பை நீங்கள் எந்த உயரத்திலிருந்து பார்த்து வளர்ந்தீர்கள்? ஐந்து வயதில், அடுப்பங்கரைப் பரணில் இருந்ததை அண்ணாந்து பார்த்தீர்கள் என்றால் அதை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து வரையுங்கள். வாய் தெரியாது, வயிறு பெரிதாகத் தெரியும். பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனவராக இருந்தால் தரையில் வைத்து மேலிருந்து பாருங்கள். உள்ளே இருக்கும் இருட்டு தெரியும். சொம்பு ஒன்றுதான், படம் இரண்டும் வேறு.

5. பென்சில் வேலை

முதலில் ஒரு செங்குத்துக் கோடு. சொம்பின் நடு அச்சு அது. கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிடுங்கள். வாயின் அகலம் மொத்த உயரத்தில் எத்தனை பங்கு, கழுத்து எங்கே குறுகுகிறது, வயிறு எந்த உயரத்தில் அதிகம் பருக்கிறது. இந்த மூன்றையும் குறித்தால் முக்கால் வேலை முடிந்தது.

அடுத்தது நீள்வட்டம். பாத்திரம் வரைகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம். வட்டமான வாயை மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது அது நீள்வட்டமாகத் தெரியும். மூன்று விதிகள் போதும். ஓரங்கள் கூராக முடியக் கூடாது, எவ்வளவு தட்டையானாலும் ஓரம் வளைந்துதான் திரும்பும். கண் மட்டத்துக்கு அருகில் இருக்கும் நீள்வட்டம் ஒடுக்கமாகவும், கீழே போகப்போக அகலமாகவும் இருக்கும். ஆகவே வாயைவிட அடிப்பாகத்தின் வளைவு கூடுதல். அடியை நேர்கோடாக இழுத்தால் சொம்பு காற்றில் தொங்கும். மூன்றாவது, பின்பக்க விளிம்பு மறைந்திருந்தாலும் முழு நீள்வட்டத்தையும் லேசாக வரைந்துவிட்டுப் பிறகு அழியுங்கள்.

இரண்டு பக்கமும் சமமா என்று பார்க்கத் தாளைத் தலைகீழாகப் பிடியுங்கள். கோணல் உடனே தெரியும். ஒழுங்கான சொம்பை முதலில் வரைந்து முடித்த பிறகுதான் நசுங்கலை உள்ளே கொண்டுவர வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் நசுங்கல் நசுங்கலாகத் தெரியாது, வரையத் தெரியாதவர் கை என்றுதான் தோன்றும். நசுங்கிய இடத்தில் விளிம்புக் கோடு எங்கே உடைகிறது, எங்கே மீண்டும் சேர்கிறது என்ற இரண்டு புள்ளிகளையும் நன்றாகப் பார்த்துக் குறியுங்கள்.

பெயரை நேர்வரியாக எழுதாதீர்கள். எழுத்துகள் சொம்பின் வளைவோடு சேர்ந்து வளைய வேண்டும். பக்கவாட்டுக்குப் போகப்போக ஒவ்வொரு எழுத்தும் ஒடுங்கி ஒன்றோடொன்று நெருங்கும். கடைசி எழுத்து மறைந்து பாதி மட்டும் தெரிந்தால் பாதியை மட்டும் வையுங்கள். முழுப்பெயரும் தெரியட்டும் என்று இழுத்துக்கொண்டு வந்தால் அது சொம்பின் மேல் ஒட்டிய லேபிளாகிவிடும்.

6. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்

வண்ணம் தொடுவதற்கு முன் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் படம் பென்சிலில் போடுங்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றே தரம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் விவரம் கரைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். பித்தளையில் ஆச்சரியம் என்னவென்றால் மிக இருண்ட பகுதியும் மிக ஒளிர்வான பகுதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இதை இந்தச் சின்னப் படத்தில் பிடித்துவிட்டால் பெரிய படத்தில் பயமில்லை.

7. வண்ணம்

ஒளிப்புள்ளிகளை முதலில் தீர்மானியுங்கள். ஜன்னல் எதிரொளிக்கும் அந்தச் சின்னச் சதுரம் தாளின் வெள்ளையாகவே இருக்கப்போகிறது. பென்சிலால் சுற்றி மெல்லிய கோடு போட்டு, அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பூச்சு: யெல்லோ ஓக்கரில் கொஞ்சம் லெமன் யெல்லோ, நிறையத் தண்ணீர். ஒளிப்புள்ளிகளை விட்டுவிட்டுச் சொம்பு முழுவதும் ஓட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே நிழல் பக்கத்தில் பர்ன்ட் சியன்னாவைத் தொட்டுவிடுங்கள், அது தானே பரவும். இனிக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பாதி காய்ந்த நேரத்தில் ஆசையாக மறுபடி தொட்டால் ஓரம் சுருண்டு காலிஃபிளவர் மாதிரிக் கறை விழும். தாளின் மினுக்கு முழுக்கப் போய், புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி இல்லாமல் இருந்தால்தான் காய்ந்தது என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேரம் பிடிக்கும்.

இரண்டாம் பூச்சு: எதிரொளிகள். உலோகத்தில் நிறங்களுக்கு நடுவே வெட்டினாற்போல் விளிம்பு இருக்கும். மண்பானையில் நிறம் மெதுவாக மாறும், பித்தளையில் சட்டென்று மாறும். ஆகவே இந்தப் பூச்சைக் காய்ந்த தாளின் மேல், தெளிவான ஓரங்களோடு போடுங்கள். சொம்பு தன்னைச் சுற்றியுள்ளதையெல்லாம் வாங்கிக் காட்டும். சிவப்புச் சிமெண்டுத் தரை என்றால் வயிற்றின் அடிப்பாகத்தில் சிவப்பு ஏறியிருக்கும். அங்கே சியன்னாவில் ஒரு துளி ரோஸ். எதிரே உட்கார்ந்திருக்கும் நீங்களும் ஒரு கரும் பட்டையாக அதில் தெரிவீர்கள். அதை அழிக்காதீர்கள், அதுவும் இந்தப் படத்துக்குச் சேர்ந்ததுதான்.

கறுத்த பகுதிகளுக்கு பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீனும். இரண்டையும் கெட்டியாகக் கலந்தால் டியூப் கறுப்பைவிட ஆழமான இருட்டு வரும். பச்சைக்கறைக்கு அல்ட்ராமரீனில் லெமன் யெல்லோ சேர்த்து, கொஞ்சம் சியன்னாவால் மங்கவையுங்கள். வாய்க்குள் தெரியும் இருட்டை ஒரே சீராகப் பூசிவிடாமல் பின்பக்கச் சுவரில் கொஞ்சம் வெளிச்சம் விடுங்கள். தண்ணீர் மொள்ளும் பாத்திரம் வெறும் ஓட்டையாகிவிடக் கூடாது.

நிழல்: தரையில் விழும் நிழல் கறுப்பு அல்ல, தரையின் நிறமே இருண்டு தெரிவதுதான் அது. சிவப்புத் தரை என்றால் சியன்னா, ரோஸ், நீலம் மூன்றும் கலந்த கருஞ்சிவப்பு. சொம்பை ஒட்டிய இடத்தில் நிழலின் ஓரம் கூர்மையாகவும், விலக விலக மிருதுவாகவும் இருக்கும். அடிப்பாகம் தரையைத் தொடும் கோட்டில் மட்டும் மிக இருண்ட ஒரு மெல்லிய வரி. அதைப் போட்ட கணத்தில் சொம்பு தரையில் உட்கார்ந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் மாவு வைத்துக் குறித்த இடம். இதை எண் 4 தூரிகையின் நுனியில் செய்யுங்கள். விரல் பட்டுத் தேய்ந்த இடம் சுற்றியுள்ளதைவிட வெளிறி, மஞ்சள் கூடி, மிருதுவாக இருக்கும். காய்ந்த வண்ணத்தின் மேல் ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுத்தால் வண்ணம் அந்த இடத்தில் மட்டும் விலகும். பருத்தித் தாள் வாங்கியதன் பலன் இங்கே தெரியும், மலிவுத் தாள் இதில் உரிந்துவிடும். பல வருஷம் ஒரு விரல் செய்த வேலையைத்தான் உங்கள் தூரிகையும் செய்கிறது. அவசரப்படாதீர்கள். பெயரின் வெட்டுகளுக்கு அம்பரில் சின்னச் சின்னத் தொடுதல்கள், ஒளி படும் பக்கத்தில் சிலவற்றை விட்டுவிடுங்கள். கண் தானே நிரப்பிக்கொள்ளும்.

8. மற்றப் பொருட்களுக்கு

எவர்சில்வருக்குச் சொந்த நிறமே கிடையாது. டபராவை வரைவது என்றால் அதில் தெரியும் சுவர், ஜன்னல், பக்கத்து டப்பா இவற்றை வளைத்து வரைவதுதான். சாம்பல் வேண்டிய இடத்தில் அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும். நீலம் கூடினால் குளிர்ச்சி, சியன்னா கூடினால் கதகதப்பு.

தோசைக்கல், இரும்புச் சட்டி: மினுக்கு குறைவு, சொரசொரப்பு அதிகம். அல்ட்ராமரீனின் துகள்கள் தாளின் பள்ளங்களில் தங்கும் இயல்புடையவை. அம்பரோடு கலந்து தண்ணீராக விட்டால் இரும்பின் முகம் தானாகவே வரும்.

மூக்குக்கண்ணாடி: கண்ணாடியை வரைய முயலாதீர்கள், அதற்குப் பின்னால் தெரிவது எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதை வரையுங்கள். தடித்த பவர் என்றால் மேஜையின் கோடு கண்ணாடிக்குள் துண்டாகி வேறிடத்தில் தெரியும். தாத்தாவுக்குப் பார்வை எவ்வளவு என்பது அந்தத் துண்டிப்பில் இருக்கிறது. கால் ஒடிந்து நூல் சுற்றியிருந்தால் நூலின் ஒவ்வொரு சுற்றையும் எண்ணிப் போடுங்கள்.

பனையோலை விசிறி, முறம்: பின்னல் முழுவதையும் போட்டால் பாய் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில் மட்டும் பின்னலைக் காட்டி மற்ற இடத்தைப் பூச்சாக விடுங்கள். துணி கட்டித் தைத்த ஓரம் இருந்தால் அதுதான் முக்கியம். அந்தத் துண்டு எந்தப் புடவையிலிருந்து வந்தது என்று விசாரியுங்கள்.

9. பொருளே இல்லையென்றால்

விற்றுவிட்டது, தொலைந்துவிட்டது, விட்டுவிட்டு ஓடி வந்தது. இப்படி இருப்பவர்கள்தான் அதிகம். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், வடக்கில் போரால் இடம்பெயர்ந்தவர்களை அவர்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லிச் சேகரித்து, 2011-இல் அதை ஒரு பெரிய கலைப்படைப்பாக ஆக்கினார். வரைந்தவர்கள் ஓவியர்கள் அல்ல, வீட்டுக்காரர்கள். அவர் பிடித்த வழி நமக்கும் உதவும். நேராகப் பொருளை நினைத்தால் கண்ணுக்குள் எதுவும் நிற்காது. வீட்டின் தரைப்படத்தைப் போடுங்கள். வாசல், திண்ணை, கூடம், அடுப்பங்கரை, கிணற்றடி. மனத்தால் உள்ளே நடந்து, அந்தப் பொருள் எந்தச் சுவரோரம் இருந்தது, எடுக்க எந்தக் கையை நீட்டினீர்கள் என்று போனால் அளவும் உயரமும் கிடைத்துவிடும்.

பிறகு பழைய பாத்திரக் கடையிலோ உறவினர் வீட்டிலோ அதே வகைப் பொருள் ஒன்றை இரவல் வாங்குங்கள். உருவத்தையும் ஒளியையும் அதைப் பார்த்துப் போடலாம். தேய்மானம் மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும். நினைவில் இல்லாத பகுதியைக் கற்பனையால் நிரப்பாதீர்கள். அங்கே பென்சில் கோட்டோடு நிறுத்தித் தாளை வெறுமையாக விடுங்கள். வண்ணம் போட்டது தெரிந்தது, போடாதது மறந்தது என்று பார்ப்பவருக்குப் புரியும்.

போன் படத்தைப் பார்த்து வரைவதென்றால் ஒரு எச்சரிக்கை. மிக அருகில் நின்று எடுத்த படத்தில் முன்பக்கம் ஊதிப்போய்த் தெரியும். பொருள் இன்னும் கையில் இருக்கும்போதே, தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுத்துவையுங்கள்.

10. உணர்ச்சியை எங்கே வைப்பது

படத்தில் சோகம் வர வேண்டும் என்று வாடிய பூவையும் அணைந்த விளக்கையும் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கத் தோன்றும். பெரும்பாலும் அது பொருளின் குரலை அமுக்கிவிடும். ஓவியர் அவிக்தோர் அரிக்கா, நெருங்கிய நண்பரான நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் 1989 டிசம்பரில் இறந்த பிறகு, அடுத்த ஆண்டு வரைந்த ஓர் ஓவியத்தில் இருப்பது பெக்கெட் பரிசாகக் கொடுத்திருந்த ஒரு கரண்டி. அரிக்கா இயற்கை வெளிச்சத்தில், ஒரே அமர்வில் படத்தை முடிக்கும் பழக்கமுள்ளவர். இறந்தவரின் முகத்தைத் தேடாமல் கரண்டியைப் பார்த்தால் போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

இரண்டு பொருள் வைத்தே ஆக வேண்டும் என்றால் டச்சு ஓவியர் வான்கோவின் வழி நல்லது. அவர் அப்பா 1885 மார்ச்சில் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில், பாதிரியாராக இருந்த அப்பாவின் பெரிய பைபிளைத் திறந்துவைத்து, அதன் முன்னால் தாம் படித்துக் கசங்கிய மஞ்சள் அட்டை நாவல் ஒன்றை வைத்து வரைந்தார். (அணைந்த மெழுகுவத்தியும் அதில் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வான்கோவுக்கு அனுமதி உண்டு.) போனவர் பொருள் ஒன்று, இருப்பவர் பொருள் ஒன்று. இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளியை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். பாட்டியின் சொம்புக்குப் பக்கத்தில் உங்கள் ஸ்டீல் தண்ணீர் பாட்டில். ஒட்டியா, தள்ளியா, யார் நிழல் யார் மேல் விழுகிறது?

வரையும்போது அழுகை வந்தால் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். சமீபத்தில் இறந்தவரின் பொருளை எடுத்தவுடன் வரையத்தான் வேண்டும் என்று இல்லை. படம் எடுத்து, குறிப்பு எழுதி, துணியில் சுற்றி வைத்துவிட்டு, கை தாங்கும் காலத்தில் எடுக்கலாம். உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதற்குப் பிறகு கண் பார்ப்பதை விட்டுவிட்டுத் தெரிந்ததைப் போட ஆரம்பிக்கும்.

11. முடித்த பிறகு

படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா தாளை அழுத்தி முன்பக்கம் தடம் விடும், மையும் மங்கும். பென்சில் மங்காது. யார் புழங்கியது, எந்த ஊர், எந்தக் காலம், யார் சொன்னது, யார் வரைந்தது, தேதி. நோட்டில் எழுதிய கதையின் சுருக்கம் இரண்டு வரி. இது இல்லாவிட்டால் முப்பது வருஷம் கழித்து அது யாரோ வரைந்த ஒரு சொம்புப் படம்.

லேமினேஷன் கூடவே கூடாது. சூடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து பருத்தித் தாளை நாசமாக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோடேப் பழுத்துக் கறையாகும். பிரேம் போடுவதென்றால் தாளும் கண்ணாடியும் ஒட்டாமல் நடுவே அமிலமற்ற மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தால் மழைக்கால ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும். நேர் வெயில் படாத சுவர், அதிலும் குளியலறைச் சுவரின் மறுபக்கம் இல்லாத சுவர். பிரேம் இல்லாமல் வைப்பதென்றால் அமிலமற்ற தாளில் உறையிட்டு, தட்டையாக, பீரோவின் நடுத்தட்டில். வருஷத்துக்கு இரண்டு தடவை எடுத்துக் காற்றாட வையுங்கள், ராமபாணப் பூச்சி இருண்டு அசையாமல் கிடக்கும் தாளைத்தான் தேடி வரும்.

பாகப்பிரிவினையில் சொம்பு ஒருவருக்குத்தான் போகும். படத்தை ஸ்கேன் செய்து நல்ல தாளில் அச்செடுத்து மற்றவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள், பின்பக்கக் குறிப்போடு சேர்த்து. கொடுத்த அன்றைக்கே அண்ணன் போன் செய்வார், "நசுங்கல் இடப்பக்கம்டா, நீ வலப்பக்கம் போட்டிருக்கே" என்று. அக்கா, அது கிணற்றடியில் விழுந்தது இல்லை, மாடிப்படியில் உருண்டது என்பார். வாதாடாமல் இரண்டையும் அசலின் பின்பக்கம் எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் போட்டுவையுங்கள்.